கருநீலத்தில் பொடிப்பூ

துணிக்கடைக்குப் போனால் எனக்கு ஒரு பழக்கம். துணியை விரித்துப் போட்டதும் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, ஒரு ஓரத்தில் வைத்து அழுத்திப் பார்ப்பேன். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். கூட வருகிற மருமகள், என்னைத் தெரியாதவள் மாதிரி நாலடி தள்ளி நின்றுகொள்வாள். நிற்கட்டும். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். ஆனால் துணியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனை வருஷத்தில் நான் உடுத்தினதைப் பார்த்து ஒருத்தர் ஒரு குறை சொன்னது கிடையாது. அந்தப் பெருமையை எனக்குக் கொடுத்தவள் என் மாமன் பெண்டாட்டி, என் அத்தை. கொடுத்த அன்றைக்கு நான் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

எனக்குச் சின்னதிலிருந்தே வேர்வை அதிகம். எல்லாருக்கும் வேர்க்கிற மாதிரி இல்லை. மார்கழியில் மற்றவர்கள் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அக்குளில் ஊறி, சட்டையில் சாசர் அளவுக்கு வட்டம் விழும். உள்ளங்கை ஈரத்தில் நோட்டில் எழுதினதெல்லாம் கலைந்துபோகும். டீச்சரிடம் அதற்கும் அடி. அப்போது நாங்கள் கள்ளிக்குப்பத்தில் குடியிருந்தோம். எண்பதுகளில் கோடைக்குக் கிணறு வற்றினால் தண்ணீர் லாரிதான் கதி. அந்த லாரி போகிற வழியெல்லாம் சொட்டிக்கொண்டே போகும். வகுப்புப் பெண்கள் எனக்கு வைத்த பேர் அதுதான். நான் உள்ளே நுழைந்ததும், "தண்ணி லாரி வந்துகினு கீதுடி, கொடத்த எடுங்க" என்பார்கள். நான் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நடக்கப் பழகினேன். பதில் தெரிந்தாலும் கையைத் தூக்க மாட்டேன்.

அத்தையும் மாமாவும் திருமுல்லைவாயிலில் இருந்தார்கள். மாமாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை. அத்தையும் எஸ்டேட்டில்தான், வெளிநாட்டுக்குத் துணி தைத்து அனுப்புகிற கம்பெனியில். எங்கள் பக்கத்தில் அவளுக்கு நல்ல பேர் கிடையாது. விசேஷத்துக்கு வந்தால் முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் மூடிக்கொண்டு ஓரமாக நிற்பாள். பந்தி பரிமாறக் கூப்பிட்டால் வர மாட்டாள். எப்போது பார்த்தாலும் கருப்பிலும் நீலத்திலும் காப்பிக்கொட்டை நிறத்திலும் பொடிப்பொடியாகப் பூப்போட்ட புடவை.

"கம்பெனிக்குப் போற திமிரு" என்பாள் அம்மா. "நாலு பேரு மத்தியில கைய நீட்டி ஒரு வேல செய்யறாளா பாரு."

ஒரு தீபாவளிக்கு அத்தை என்னை ஆவடி மார்க்கெட்டில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கூட்டிப்போனாள். அங்கேதான் அந்த விரல் வித்தையை முதலில் பார்த்தேன். நாக்கில் தொடுவாள், துணியில் வைப்பாள், குனிந்து பார்ப்பாள், வேண்டாம் என்று தள்ளுவாள். ஏழெட்டுத் துணிக்கு மேல் கடைக்காரரால் பொறுக்க முடியவில்லை.

"இன்னாம்மா, துணிய நக்கிப் பாத்தா வாங்குவாங்க?"

"சாயம் போவுதான்னு பாக்கறேன் அண்ணாத்தே."

எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். சாயம் பார்க்கிறவர்கள் விரலைப் பார்ப்பார்கள். அத்தை விரலைப் பார்க்கவே இல்லை, துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பங்குனியில் நான் பெரியவளானேன். வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் ஓலைத் தட்டி கட்டி என்னை உட்காரவைத்தார்கள். மூன்றாம் நாள் அத்தை உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொண்டுவந்தாள். தின்று முடித்ததும் பையிலிருந்து ஒரு நூலை எடுத்து என் தோளைச் சுற்றினாள், மார்பைச் சுற்றினாள், கையைச் சுற்றினாள்.

"இன்னாடி, வெறும் எலும்பா கீறே? ஒரு சாண் நூலு போதும் போலகீது ஒனக்கு" என்று சிரித்தாள்.

கேலி செய்கிறாள் என்று கையை இறுக்கிக்கொண்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினாள். அக்குளில் ஈரம் பெரிய வட்டமாக இருந்தது. ஒரு நிமிஷம் பார்த்தாள். கையைக் கீழே விட்டுவிட்டு நூலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு உயிரே போனது போல் இருந்தது. இவள் வெளியே போய் எல்லாரிடமும் சொல்வாள் என்று நினைத்து அன்று முழுக்க அழுதேன்.

மஞ்சள் நீராட்டு அன்றைக்குத் தெருவை அடைத்துப் பந்தல். மாமா சீர்த்தட்டுகளோடு வந்தார். தாய்மாமன் கொண்டுவருவதைத்தான் முதலில் உடுத்த வேண்டும். தட்டில் இருந்தது வெளிர் ரோஸ் பட்டில் பாவாடை, தாவணி, ரவிக்கை. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். நான் மட்டும் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டேன். தண்ணீர் ஒரு சொட்டு பட்டாலும் காட்டிக்கொடுக்கிற நிறம் அது.

"இவ கருநீலத்துல எடுக்கலாம்னு ஒத்தக் கால்ல நின்னா அக்கா" என்று மாமா அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். "நல்ல காரியத்துக்கு எவனாவது கருநீலம் எடுப்பானா?"

அம்மா அத்தையை ஒரு பார்வை பார்த்தாள். அத்தை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாகப் போனாள்.

பட்டை உடுத்தி, மாலை போட்டு, நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மேலே பந்தல், எதிரே போட்டோக்காரர் வைத்த விளக்கு, சுற்றிலும் ஜனம். கொஞ்ச நேரத்தில் அக்குளில் ஊற ஆரம்பித்தது. கீழே பார்த்தேன். வெளிர் ரோஸில் ஒரு விரல் அகலத்துக்கு ஈரம் அடர் ரோஸாக எட்டிப் பார்த்தது. கையை இறுக்க இறுக்க அது பெரிதாகிக்கொண்டு போனது. அந்த நேரம் பார்த்துத்தான் பந்தல் வாசலில் என் வகுப்புப் பெண்கள் நாலு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி இன்னொருத்தி காதில் என்னவோ சொன்னாள். என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாதா.

"கையத் தூக்கி அந்தப் பூவ சரி பண்ணும்மா, ஒரு படம் எடுத்துக்கறேன்" என்றார் போட்டோக்காரர்.

நான் தூக்கவில்லை. அவர் மறுபடி சொன்னார். அம்மாவும் அதட்டினாள்.

வாசலில் வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த அத்தை சொம்போடு என் பக்கத்தில் வந்தாள். "இன்னா இது, அடச்சிக்கினு கீது" என்று முணுமுணுத்து, சொம்பின் மேல்மூடியைத் திருகி எடுத்தாள். அடுத்த நொடி சொம்பு சாய்ந்து அவ்வளவு பன்னீரும் என் தலை, தோள், நெஞ்சு என்று இரண்டு பக்கமும் வழிந்து இடுப்பு வரைக்கும் நனைத்துவிட்டது.

பந்தலில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

"கை வழுக்கிடுச்சி அண்ணி" என்றாள் அத்தை.

"வழுக்கும், வழுக்கும். என் தம்பி ஆசையா எடுத்த பட்டு ஒன் வயித்தெரிச்சல்ல போச்சு" என்று அம்மா ஆரம்பித்தாள். மாமாவும் சேர்ந்துகொண்டார். நானும் விடவில்லை. "ஒன்ன யாரு வரச்சொன்னது? நாசமாப் போ" என்று அத்தனை பேர் எதிரில் சொன்னேன். அத்தை சொம்பைக் கீழே வைத்தாள். என்னைத் தோளோடு பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

மாற்றிக்கொள்ளத் துணி வேண்டும். மற்ற முறைக்காரர்கள் கொண்டுவந்தது எல்லாம் தைக்காத துணி. அத்தை தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். கருநீலத்தில் வெள்ளைப் பொடிப்பூ. பாவாடை, ரவிக்கை, தாவணி எல்லாம் தைத்துத் தயாராக இருந்தது.

"இன்னா புள்ள, நல்ல நாளும் அதுவுமா இந்தக் கலரா?" என்றாள் பின்னால் வந்த அம்மா.

"இதுவும் தாய்மாமன் ஊட்டுத் துணிதான் அண்ணி. நல்ல நேரம் போய்க்கினு கீது."

ரவிக்கையைப் போட்டுக்கொள்ளும்போது பார்த்தேன். அக்குளில் உள்பக்கமாக, பிறை மாதிரி வெட்டின மெத்தென்ற துணி இரண்டடுக்காக வைத்துத் தைத்திருந்தது. ஒட்டுப்போட்ட துணியை எனக்குக் கொடுக்கிறாளே, கம்பெனியில் மிஞ்சினதை ஒட்டியிருக்கிறாள் என்று மறுபடி அழுதேன். ஆனால் அளவு என்னவோ எனக்கென்றே எடுத்துத் தைத்த மாதிரி கச்சிதமாக இருந்தது. எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை.

வெளியே வந்து உட்கார்ந்தேன். வேர்க்காமல் இல்லை, நன்றாகவே வேர்த்தது. அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொண்டேன். பூவுக்குள் பூவாக எங்கேயோ போய்விட்டது, ஒன்றும் தெரியவில்லை. வகுப்புப் பெண்கள் கிட்டே வந்தார்கள். என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். லாரி என்று பேர் வைத்தவளே என் பக்கத்தில் உட்கார்ந்து, "பன்னீர் வாசன சூப்பரா கீதுடி" என்றாள். போட்டோக்காரர் மறுபடி கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன்.

பட்டைப் பாழாக்கினவள் என்று அம்மா சாகும்வரைக்கும் அத்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை ஒரு நாளும் மறுத்துப் பேசினதில்லை. எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு அத்தைக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன் நடந்தது. ஒத்தாசைக்குப் பத்து நாள் போய்த் தங்கினேன். அவள் துணிகளைத் துவைக்க எடுத்து, ரவிக்கைகளை உள்பக்கம் திருப்பினேன். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் அக்குளில் பிறை மாதிரி இரண்டடுக்குத் துணி. கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு அலசி, யார் கண்ணிலும் படாமல் வெளிப்பக்கம் தெரியும்படி கொடியில் போட்டேன்.   சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது அவள் கையை என் கைக்குள் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டேன். இரண்டு கையும் ஈரமாக இருந்தது.

அந்தப் போட்டோ இன்னும் என் பீரோவில் இருக்கிறது. கருநீலத்தில் நான் கையைத் தூக்கிப் பூவைச் சரிசெய்கிறேன். ஓரத்தில் அத்தை, முந்தானையால் இரண்டு தோளையும் மூடிக்கொண்டு, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். எல்லாரிடமும் திட்டு வாங்கின கோபத்தில் விறைத்துக்கொண்டு நிற்கிறாள் என்றுதான் அந்த வயதில் நினைத்தேன். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை. ஜவுளிக்கடையில் குனிந்து பார்த்தாளே, அதே பார்வையோடு, தூக்கின என் கைக்குக் கீழே இருக்கிற துணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.