சுண்டுவிரல் மடங்கிய பிறகு

என் வலக்கைச் சுண்டுவிரல் முதன்முதலாக மடங்கியபோது பக்கத்தில் ஒரு மாணவி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பியானோவில் ஒரு பகுதியை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். வேகமாக மேலே ஏற வேண்டிய இடத்தில் அந்த விரல் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டது. வலி இல்லை. கையை உதறிவிட்டு மறுபடி வாசித்தேன். அதே இடத்தில் மறுபடியும் சுருண்டது.

தேங்காய் துருவும்போதும் தலை பின்னும்போதும் விரல் சொன்னபடி கேட்டது. பியானோவில் வைத்தால் மட்டும் மறுத்தது. கொழும்பில் நரம்பு வைத்தியர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, கையில் பழுதில்லை, ஒரே அசைவைக் காலமெல்லாம் செய்ததில் மூளை அந்த விரலைத் தனியாக அறிய மறந்துவிட்டது என்றார். பயிற்சி செய்யலாம், பழையபடி வருமென்று சொல்ல முடியாது. திரும்பி வரும் பஸ்ஸில் என் கணவர் அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

கல்முனையில் பியானோ படிப்பிக்கிறவர்கள் மிகக் குறைவு. தேவாலயத்து ஆர்மோனியத்தில் தொடங்கி, கொழும்பில் தங்கி மேற்கத்திய சாஸ்திரிய இசை படித்து, கல்யாணத்தோடு ஊருக்குத் திரும்பியவள் நான். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் வருவார்கள். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்து வாங்கு சொன்னால் கையை எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்போம். முடிந்ததும் விட்ட இடத்தில் தொடங்குவோம். விரல் போன பிறகும் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிப் படிப்பித்தேன். எனக்கென்று வாசிப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

அதை முதலில் கவனித்தது பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காதான்; ராத்தா என்றே கூப்பிடுவேன். அவர் வீட்டிலிருந்து அபாயா தைத்துக் கொடுப்பவர். கணவர் கட்டாரில். மதிலுக்கு மேலால் தலையை நீட்டிக் கேட்டார்.

"என்ன டீச்சர், விடியக்காலைச் சத்தத்தக் காணல்ல? உங்கட சத்தம் இல்லாட்டி எனக்கு மெசின் ஓடுதில்ல."

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். "மத்தக் கை சுகந்தானே?" என்றார்.

"ஓம்."

"அப்ப அதால வாசிங்க. எனக்கென்ன, சத்தம் வந்தாச் சரி."

அவருக்காகத்தான் மறுநாள் மூடியைத் திறந்தேன். இடக்கை கட்டைகளை அழுத்தியது. வலக்கை வாசிக்க வேண்டியதை என்னையறியாமல் வாய்க்குள் முணுமுணுத்தேன். சில நாட்களில் அந்த முணுமுணுப்பு இசைத்தாளில் இருந்ததை விட்டு விலகிப் போகத் தொடங்கியது. நானும் தடுக்கவில்லை.

ஒரு நாள் கணவர் போனை நீட்டினார். "இதக் கேள். நீ காலையில செய்யிறது இது மாதிரித்தான் கிடக்கு." ஒரு பெண் ஆங்கிலத்தில் பாடிக்கொண்டிருந்தாள். ஜாஸ். அதுவரை அதை நான் ஹோட்டல் பாட்டு என்றே நினைத்திருந்தேன். அவள் குரல் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் நடந்தது. பிந்திவிட்டாள் என்று நினைக்கும்போதே வந்து சேர்ந்தது. அன்றைக்கு உலையில் அரிசி குழைந்துபோகும்வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

கொழும்பில் ஒரு பாடகியைத் தேடிப்பிடித்து வீடியோவில் பாடம் கேட்டேன். என்னைவிட வயதில் இளையவர், கண்டிப்பானவர். முதல் பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டு, "அக்கா, எல்லாம் சரியா இருக்கு. ஆனா நீங்க பாடல்ல, ஒப்புவிக்கிறீங்க" என்றார். "யாருக்காவது சொல்றமாதிரிப் பாடுங்க."

யாருக்குச் சொல்வது? ராத்தா துணி வெட்டிக்கொண்டிருந்த அறையில் போய் உட்கார்ந்து பாடினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. "என்ன சொல்லுதாம்?" என்று கேட்டார். தூரத்துக்குப் போனவனை நினைத்து ஒருத்தி இருக்கிறாள் என்றேன்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "எங்கட அவர் வெள்ளிக்கிழமையில கட்டார்ல இருந்து போன் எடுப்பார், டீச்சர். கதைச்சு முடிஞ்சா வெச்சிருவார். நான் உடன வைக்கிறல்ல. சத்தமில்லாத போனக் காதுக்குள்ளயே வெச்சிட்டு இருப்பன். புள்ளைகள் பாத்துச் சிரிக்கும்." அவரும் சிரித்தார். "அப்பிடி இருக்கிறவளுக்கு இவ்வளவு சத்தம் வராது."

மறுபடி பாடினேன். மெதுவாக, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு. குரல் தாளத்துக்குப் பின்னால் போனது. இழுத்துப் பிடிக்கத் தோன்றவில்லை.

இந்த வருஷம் பொத்துவிலுக்கு அப்பால், அறுகம்குடாவில் ஒரு விருந்தினர் விடுதித் தோட்டத்தில் பாடினேன். ஞாயிறு பின்னேரம். கொழும்பிலிருந்து மூன்று வாத்தியக்காரர்கள் வந்திருந்தார்கள். என் ஆசிரியை ஒழுங்குபண்ணியது. ராத்தாவுக்குப் பெருநாள் தையல் மலைபோலக் கிடந்ததால் வரவில்லை. "போன எடுத்து வைங்க, நான் கேட்டுக்குவன்" என்று என் கணவரிடம் சொல்லி அனுப்பினார். கணவர் முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

நின்றுகொண்டு, கைகளுக்கு வேலையில்லாமல், ஆட்களைப் பார்த்தபடி இசைப்பது எனக்குப் புதிது. இரண்டாவது சரணத்தில் சொற்கள் முழுக்க மறந்துபோயின. பியானோவில் என்றால் கையை எடுத்திருப்பேன், முகம் சிவந்திருக்கும். இங்கே வாய் மூடவில்லை. சொல்லில்லாத ஒலிகளாக எதையோ பாடிக்கொண்டே போனேன். பேஸ் கிற்றார்க்காரர் நிமிர்ந்து பார்த்து, சிரித்து, பின்னாலேயே வந்தார். எங்கே போகிறோம் என்று இருவருக்கும் தெரியாது. பிறகு எப்படியோ ஒன்றாக வந்து இறங்கினோம். ஆட்கள் கைதட்டினார்கள். போனுக்குள் இருந்து ராத்தா "அல்லாஹ்!" என்றது முன்வரிசை முழுக்கக் கேட்டது.

விடுதிக்காரர் மாதத்தில் ஒரு ஞாயிறு வரச் சொன்னார். சம்மதித்துவிட்டேன்.

திரும்பும் வழியில் கோமாரியில் தேத்தண்ணிக்காக நிறுத்தினோம். கணவர் கோப்பையை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"எப்பிடி இருந்தது?" என்று நானே கேட்டேன்.

"சொல்லெல்லாம் மறந்துபோச்சுதானே?"

"ஓம். விளங்கிற்றா?"

"எனக்கு விளங்கினது. மத்த ஆக்களுக்கு இல்ல." பிறகு சொன்னார்: "நம்மட பியானோ சுவரப் பாத்துக் கிடக்கு. இவ்வளவு காலமும் நீ வாசிக்கக்குள்ள உன்ர முதுகத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். இண்டைக்குத்தான் முகத்தப் பாத்தன்."

அவர் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தேன். சீனி கூடிப்போயிருந்தது.