மீ பெனி

என் வீட்டுக்காரர் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் வேலை பார்த்தவர். அந்தத் தூசு நெஞ்சுக்குள் குடியேறிவிட்டது. எங்கள் லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறுவதற்குள் பல தடவை உட்கார்ந்துவிடுவார். பெரியாஸ்பத்திரியில் டாக்டர், "இது கொணமாகாதும்மா, மோசமாகாமப் பாத்துக்கலாம்" என்றார். நான் கேட்டுவிடுவேனா?

பக்கத்துக் காம்பரா அக்கா ஒரு மருந்து சொன்னாள். இஞ்சி, கற்பூரவள்ளி, துளசி எல்லாவற்றையும் தட்டி ஜாம் போத்தலில் போட்டு, தென்னை வினாகிரியும் தேனும் சரிபாதி ஊற்றி, ஒரு மாதம் இருட்டில் ஊறவைக்க வேண்டும். தகர மூடி துருப்பிடிக்காமல் இருக்க இடையில் பொலித்தீன் வைத்தேன். தினமும் குலுக்கினேன். வடித்துக் காலையும் மாலையும் கொடுத்தேன். போத்தல்தான் தீர்ந்தது, இருமல் தீரவில்லை.

நேரே அக்காவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். போத்தலில் ஒட்டியிருந்ததை அவள் நக்கிப் பார்த்தாள்.

"கடையில என்னான்னு கேட்டு வாங்குன?"

"பெனின்னுதான். சிங்களத்துல தேனுக்கு அதானேக்கா?"

"நாசமாப் போச்சு! வெறும் பெனின்னா கித்துல் மரத்துப் பாணியத்தான் குடுப்பான். தேனுக்கு மீ பெனின்னு கேக்கணும்டி."

கறுப்பாக இருந்தபோதே யோசித்தேன். காட்டுத் தேன் அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் பைத்தியம் என்பீர்கள். பிழை என் சிங்களத்தில்தான், மருந்தில் இல்லை! அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஒன் வாயாலதான் நான் கெட்டேன்" என்று கேலி செய்தார். அன்று இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

மறுபடி ஹட்டனுக்கு பஸ் ஏறி, மீ பெனி என்று கேட்டு வாங்கி, எல்லாம் முறைப்படி போட்டேன். இந்தத் தடவை ஒரு குறையும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மாதம் தாண்டிவிட்டது. இலைகள் வெளுத்து அடியில் படிந்துவிட்டன. நான் வடிக்கவில்லை. இதுவும் கேட்காவிட்டால் எதன் மேல் பழி போடுவேன்?

போன வாரம் அவரே எழுந்து வந்து போத்தலை எடுத்தார். அந்தச் சின்ன நடைக்கே மூச்சு வாங்கியது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இனி வடித்துத்தான் ஆகவேண்டும் என்று நான் வடிதட்டைக் கையில் எடுத்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னும் ஊறல புள்ள" என்று சொல்லி, மூடியை இறுக்கி, இருட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்.