ஆட்டாமல் போன மேசைத்துணி

இதை எழுதாமல் விடத்தான் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதினால் யார் வாசிக்கப் போகிறார்கள், வாசித்தாலும் யார் நம்பப் போகிறார்கள் என்று பேனையை எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்தேன். ஆனால் பலெர்மோ நகரத்து அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் அறை யன்னலில் ஒரு வெள்ளை மேசைத்துணி திரைச்சீலையாகத் தொங்குகிறது. அதன் ஓரத்தில் தக்காளிக் குழம்பின் கறை ஒன்று. எந்தச் சவர்க்காரத்துக்கும் அது அசையவில்லை. காலை வெயில் துணிக்குள்ளால் வரும்போது அந்தக் கறை சரியாக என் தலகணியில் வந்து விழும். அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறவன் ஏதாவது யோசிக்கத்தானே வேண்டும்.

அந்தத் துணியை மொண்டெல்லோ கடற்கரையில் நின்று என் கூட்டாளி ஆட்டவேண்டும், மேலே நான் பறந்து போகவேண்டும். அதுதான் எங்களுக்குள் பேச்சு. அவன் ஆட்டவில்லை. ஏன் ஆட்டவில்லை என்ற சந்தேகம்தான் இவ்வளவு காலமும் அந்த யன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் பிளேன் ஓட்டப் பழகியது பகிடியில் தொடங்கியது. நான் வேலை செய்த வீட்டுக்கார அம்மா, அந்தச் சிஞ்ஞோராவின் தம்பி, நகரத்துக்குப் பின்னால் மலையடியில் இருந்த சின்ன விமானத் திடலில் ஒரு பறக்கும் கழகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளேன் கழுவ ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். சம்பளம் என்ன வேண்டும் என்று அவர் கேட்க, காசு வேண்டாம், ஓட்டப் பழக்கிவிடுங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேருக்குமே சொன்ன சொல்லை விழுங்க வெட்கமாகப் போய்விட்டது.

அன்றிலிருந்து என்னைச் சந்தேகப்படாத ஆள் பலெர்மோவில் இல்லை. பழகுவதற்குப் பொலிஸின் அனுமதி வேண்டும். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் ஓர் அதிகாரி என் பெர்மெசோவை, அதுதான் வதிவிட அனுமதியை, திருப்பித் திருப்பிப் பார்த்து, வீட்டு வேலைக்காரனுக்கு ஆகாயத்தில் என்ன வேலை என்று கேட்டார். வீடு துடைத்து அலுத்துப்போச்சு, இனி மேகம் துடைக்கலாம் என்று யோசிக்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு இல்லாததால் என் விண்ணப்பம் பல மாதம் அங்கேயே கிடந்தது.

எங்கள் சனம் அதைவிட மோசம். ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஒரு தமிழ்ப் பொடியன் பிளேன் ஓட்டப் பழகுகிறான் என்றால் அது யாருக்காக என்ற கேள்விதான் முதலில் வரும். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் கூடி நிற்கிறவர்கள் நான் கிட்டப் போனதும் மீன் விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். மன்னார்ப் பக்கத்து மாமி ஒருவர் மட்டும் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி, "தம்பி, உனக்கு ஆர் இதைச் செய்யச் சொன்னது?" என்று கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை மாமி என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். உண்மையைச் சொன்னதற்கு ஒருவர் சிலுவை போட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கூட்டாளியின் சந்தேகம் வேறு சாதி. நானும் அவனும் ஒரே ஊர், ஒன்றாகவே கடல் கடந்து வந்தோம், ஒரே அறை. அவன் மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். நான் இயக்கத்துக்காகப் பழகுகிறேன் என்று அவன் ஒருநாளும் நினைக்கவில்லை. நான் பழகவே இல்லை, எல்லாம் புழுகு என்றுதான் நினைத்தான். அதற்குக் காரணமும் இருந்தது. முந்தின வருசம், அவனுடைய பெர்மெசோ வந்துவிட்டது என்று பொய் சொல்லி, அவனைச் சவரம் எடுக்க வைத்து, கல்யாணச் சட்டை போட வைத்து, விடியவே குவெஸ்தூரா வாசலில் வரிசையில் நிற்க வைத்தவன் நான். அதற்குப் பிறகு நான் மழை பெய்கிறது என்றால்கூட அவன் கையை வெளியே நீட்டிப் பார்ப்பான்.

"நீ பிளேன் கழுவுறாய், அது ஓம். நீ பிளேன் ஓட்டுறாய் எண்டால் நான் பாப்பரசர்" என்றான்.

அந்தச் சொல் எனக்குள் ஏறிவிட்டது. ஊர் முழுக்க என்னவும் நினைக்கட்டும், இவன் ஒருவன் என்னைத் தன் கண்ணால் ஆகாயத்தில் காணவேண்டும். அதுவும் பக்கத்தில் ஒருவரும் இல்லாமல், தனியாக. எனக்குத் தேவைப்பட்டது அது ஒன்றுதான்.

தனியாக விடுவதோ விடாமல் இருப்பதோ கழகத்தில் எனக்கு ஓட்டப் பழக்கிய டீச்சரின் கையில் இருந்தது. நான்தான் அவரை டீச்சர் என்று கூப்பிடுவேன், மற்றவர்கள் பெயர் சொல்லுவார்கள். என்னைவிட ஐந்தாறு வயது கூடியிருக்கும். கட்டை மயிர், எப்போதும் எண்ணெய் படிந்த நகங்கள். டீச்சர் எதையும் நம்பமாட்டார். நானே பெற்றோல் நிரப்பி, நிறைந்துவிட்டது என்று சொன்னாலும், பிளேனின் செட்டையில் ஏறி மூடியைத் திறந்து மரத்தடி ஒன்றை உள்ளே விட்டு நனைந்த இடத்தைப் பார்ப்பார். செட்டைக்குக் கீழே சின்னக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பெற்றோல் இறக்கி, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பார். என்னில் நம்பிக்கை இல்லையா என்று ஒருநாள் சீண்டினேன். நேற்றைக்குத் தான் செய்ததையே தான் நம்புவதில்லை, உன்னை எப்படி நம்புவது என்றார். பறக்கிற தொழிலில் சந்தேகப்படுகிறவன்தான் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பான் என்பது அவருடைய வேதம். எனக்குக் கேட்க நன்றாக இருந்தது. முழு ஊரும் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, தன் வேலைக்காக எல்லாவற்றையும் சமமாகச் சந்தேகப்படுகிற ஒருவரோடு இருப்பது ஓர் ஆறுதல்.

பிழை வந்தது வேறொரு இடத்தில். ஓரளவு பழகிய பிறகு ஒரு பாடம் உண்டு. பறந்துகொண்டிருக்கும்போது டீச்சர் சொல்லாமல் கொள்ளாமல் எஞ்சின் வேகத்தைக் குறைத்துவிடுவார். சத்தம் அடங்கிப்போகும். எஞ்சின் செத்துவிட்டது, எங்கே இறக்கப் போகிறாய் என்று கேட்பார். உடனே கீழே பார்த்து நல்ல வெட்டை வெளி ஒன்றைத் தெரிந்து, அதை நோக்கிப் பிளேனைத் திருப்பவேண்டும். முதல் தடவை நான் திருப்பிய இடத்தைப் பார்த்துவிட்டு டீச்சர் எஞ்சினைக் கூட்டினார். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை கைப்பிடியை என்னிடமிருந்து பறித்துக்கொண்டார். உழுத வயல் ஒன்று பாய் விரித்தமாதிரி வலப்பக்கம் கிடக்க, நான் மூன்று தடவையும் எலுமிச்சைத் தோட்டத்துக்குள்தான் பிளேனைக் கொண்டுபோயிருந்தேன்.

டீச்சர் அதைப் பகிடி என்று நினைத்தார். என் வாயும் அப்படித்தான், குறை சொல்ல முடியாது. இறங்கிய பிறகு, இன்னொரு தடவை இந்த விளையாட்டு விட்டால் தனியாக அனுப்புகிற கதையே இல்லை, வாளியோடு மட்டும் நில் என்றார். நான் வழக்கம்போல எதையோ சொல்லிச் சிரித்தேன். ஆனால் எனக்குள் பயம் பிடித்துவிட்டது. ஏனென்றால் நான் பகிடி விடவில்லை. என் கை ஏன் மரத்துப் பக்கம் போகிறது என்று எனக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து நானும் என்னைச் சந்தேகப்படத் தொடங்கினேன்.

சில நாள் கழித்து ஒரு பிளேனின் மூக்கைக் கழுவிக்கொண்டிருந்தேன். வேறொரு பிளேன் கொட்டகைக் கூரைக்கு மேலால் தாழ்வாக இறங்கி வந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் செட்டைக்குக் கீழே குப்புறக் கிடக்கிறேன், வாளி உருண்டு கிடக்கிறது, சவர்க்காரத் தண்ணீர் காதுக்குள். கொட்டகை வாசலில் டீச்சர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சவர்க்காரம் விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்றேன். சவர்க்காரம் என் கையில்தான் இருந்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து குந்தி, உங்கள் ஊரில் பிளேன் வந்தால் சனம் எங்கே போகும் என்று கேட்டார். பங்கர் கிட்ட இருந்தால் பங்கருக்குள், இல்லாவிட்டால் மரத்துக்குக் கீழே என்றேன். வெட்டை வெளியில் நின்றால் என்று கேட்டார். வெட்டையில் ஒருவரும் நிற்கமாட்டார்கள் டீச்சர், வெட்டையில் நிற்கிறவனைத்தான் குண்டு போட வருகிற பொம்மர் காணும் என்றேன். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கும் விளங்கியது. அவர் உருண்டு கிடந்த வாளியை நிமிர்த்தி வைத்தார். பிறகு எழும்பு, பறப்போம் என்றார்.

அன்றைக்கு அவர் எஞ்சினைக் குறைக்கவில்லை. நேரே அந்த எலுமிச்சைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், செட்டையைச் சரித்து ஒரு வட்டம் போட்டார். கீழே என்ன தெரிகிறது என்று கேட்டார். பார்த்தேன். மரங்களுக்கு நடுவே ஏணி தெரிந்தது. கூடை தெரிந்தது. சிவப்புத் துணி தலையில் கட்டிய ஒரு மனுசி ஒரு மரத்தடியிலிருந்து அடுத்த மரத்தடிக்கு நடந்து போனது தெரிந்தது. அவர் எங்களைப் பார்க்க நிமிர்ந்ததுகூடத் தெரிந்தது.

ஊரில் என் கூட்டாளியின் தாய், பொம்மர் சத்தம் கேட்டவுடன் அயலில் உள்ள பிள்ளைகள் எல்லாரையும் இழுத்துக்கொண்டு தங்கள் வளவுப் புளியமரத்துக்குக் கீழே ஓடுவார். நானும் எத்தனையோ தரம் அதற்குள் ஒதுங்கியிருக்கிறேன். அந்த மரம் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை என்று அவன் இன்றைக்கும் சொல்லுவான். அன்றைக்கு எலுமிச்சைத் தோட்டத்துக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போது அந்தப் புளியமரம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அப்படியென்றால் பொம்மர் ஓட்டினவர்கள் எங்களைக் கண்டிருப்பார்கள். அத்தனை தரமும் கண்டிருப்பார்கள்.

டீச்சரிடம் வயலைக் காட்டி, இனி அங்கேதான் இறக்குவேன் என்றேன். அவர் நம்பவில்லை, அடுத்த பல நாட்கள் எஞ்சினைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் திடலில் பிளேன் நின்றதும் தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டார். திடலை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினேன். நான் பிளேன் கழுவுகிற வாளியாலேயே என் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். முதன்முதல் தனியாகப் பறந்தவனுக்கு அங்கே அதுதான் மரியாதை.

அந்த ஐப்பசியில் தனியாகக் கடற்கரை வரை போய்வர டீச்சர் விட்டார். கூட்டாளியிடம் போய், நாளைக்கு மத்தியானம் மொண்டெல்லோவில் வெளியே வந்து நில், கடையில் இருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து ஆட்டு, நான் செட்டையை ஆட்டுவேன் என்றேன். இதுவும் கல்யாணச் சட்டைக் கதையோ என்று நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தான். கடைசியில், "சரி, வாறன். நீ வராட்டி உன்ரை சாமானெல்லாம் றோட்டிலை கிடக்கும்" என்றான்.

டீச்சரின் பாரம் இல்லாததால் பிளேன் துள்ளிக்கொண்டு ஏறியது. மலையைச் சுற்றிப் போனதும் குடா திறந்தது. கோடை முடிந்து குடைகள் எல்லாம் எடுத்தாகிவிட்டது, மணல் வெறுமையாகக் கிடந்தது. கடைகளின் வெளி மேசைகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. நாயோடு நடந்த ஒருவர் கை காட்டினார். ஒரு குழந்தை இரண்டு கையையும் காட்டியது. முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் எல்லாம் எனக்குக் கை காட்டினார்கள். துணி மட்டும் இல்லை. இன்னொரு வட்டம் போட்டேன். இல்லை. ஒருவருக்கும் இல்லாமல் செட்டையை ஆட்டிவிட்டுத் திரும்பினேன்.

பின்னேரம் அவன் அந்தத் துணியைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்தான். கறையோடு. முழங்கையில் தோல் உரிந்திருந்தது. கேட்டதற்கு, வேலை கூடிப்போச்சு, வெளியே வர விடவில்லை என்றான். வர விடவில்லை என்றால் துணி ஏன் பைக்குள் வந்தது? அந்தக் கிழமையே அந்த வேலையை விட்டுவிட்டு ஒரேத்தோப் பக்கம் ஒரு கிழவரைப் பராமரிக்கிற வேலைக்குப் போய்விட்டான். அதற்கும் காரணம் சொல்லவில்லை. பொறாமை என்று நினைத்தேன். பழைய சட்டைக்குப் பழிவாங்குகிறான் என்று நினைத்தேன். வந்தே இருக்கமாட்டான் என்றும் நினைத்தேன். துணியைக் கேட்டு வாங்கி யன்னலில் கொழுவினேன், அவன் தினமும் பார்க்கட்டும் என்று.

இப்போது டீச்சர் வடக்கே போய்விட்டார். நான் லைசென்ஸ் வரை போகவில்லை, பல்லாரோச் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிற வான் ஓட்டுகிறேன். பெற்றோல் முள்ளை நம்பமாட்டேன், தாங்கியைத் தட்டிப் பார்த்துத்தான் வெளிக்கிடுவேன்.

நேற்று இதுவரை எழுதியதைக் கூட்டாளிக்கு வாசித்துக் காட்டினேன். சிவப்புத் துணி கட்டிய மனுசியையும் புளியமரத்தையும் மட்டும் விட்டுவிட்டேன். அது அவனுக்கு வேண்டாம். செட்டைக்குக் கீழே நான் கிடந்த இடத்தில் சிரிப்பான் என்று நிறுத்தினேன். சிரிக்கவில்லை. முடித்த பிறகும் யன்னல் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்லடா, அன்றைக்கு வந்தாயா இல்லையா என்று கேட்டேன்.

"வந்து துணியை விரிச்சனான் மச்சான், உன்ரை சத்தம் கேட்டுது, பிறகு பார்த்தால் சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைக்குக் கீழை கிடக்கிறன்."