ஒரு அங்குலம் இரண்டு நூல்

தேனீப் பெட்டியில் முதலில் இருந்த கட்டைகள் ஒழுங்காக வந்தன. நடுவுக்கு வந்து ஒரு கட்டையைத் தூக்கினேன். அதோடு மூன்று கட்டைகள் சேர்ந்து வந்தன. தேனீக்கள் நான்கையும் குறுக்கே இழுத்துக் கட்டி ஒரே தேனடையாக வைத்திருந்தன. மெல்லக் கீழே இறக்கிவிட்டு மூடியைப் போட்டேன்.

பக்கத்தில் சிகப்பி அக்கா நின்றிருந்தார். திருவரங்குளத்தில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். பெட்டிக்குள் இருந்தது அவருடைய தேனீ.

"என்ன தம்பி, தொறந்த வேகத்துல மூடிட்டீங்க?"

"அடை மாறிக் கட்டியிருக்குக்கா."

"அது மாறிக் கட்டல. அதுபாட்டுக்கு அது கட்டியிருக்கு. பானைக்குள்ளயும் இப்புடித்தான் பின்னிக்கிட்டு கெடக்கும். அப்பறம் எதுக்குப் பானைய ஒடச்சு இங்கிட்டு மாத்துனீங்க?"



தொட்டிக்கு மூடி

தேனீ வளர்ப்புப் பயிற்சி முடித்து, புதுக்கோட்டையில் பீல்டுமேனாகச் சேர்ந்த புதிது. எங்கள் ஆபீஸில் கொடுப்பது சட்டப் பெட்டி. ஒவ்வொரு அடைக்கும் நான்கு பக்கமும் மரச் சட்டம் இருக்கும். அதை உள்ளூரில் யாரும் செய்வதில்லை. வெளியூர்ப் பட்டறையில் இருந்து வர வேண்டும். வருவதற்குள் பூக்காலம் போய்விடும்.

நான்கு குச்சி எதற்கு, மேலே ஒரு கட்டை போதுமே என்று எனக்குத் தோன்றியது. கட்டையின் அடியில் மெழுகால் ஒரு கோடு போட்டால் தேனீ அதைப் பிடித்துத் தொங்கத் தொங்க அடை கட்டும். பெட்டி மேலே மேலே அடுக்காமல் படுக்கையாக நீளும். எந்த ஊர் ஆசாரியும் செய்துவிடலாம். படம் போட்டு சூப்பர்வைசரிடம் காட்டினேன்.

"மாட்டுத் தொட்டிக்கு மூடி போட்டுக் கொண்டாந்திருக்கியாய்யா?" என்றார். "சரி, ஒண்ணே ஒண்ணு வச்சுப் பாரு. குடும்பம் ஓடிப்போச்சுன்னா அதோட விட்டுறணும்."

குடும்பம் என்றால் எங்கள் பேச்சில் ஒரு ராணியும் அதன் கூட்டமும். நம் நாட்டுத் தேனீக்கு ரோஷம் அதிகம். இடம் பிடிக்காவிட்டால் ஒரே நாளில் எல்லாம் கிளம்பிப் போய்விடும்.

சிகப்பி அக்காவிடம் இருந்ததே ஒரு குடும்பம்தான். பானையில் பல வருஷமாக நின்றது. தேன் எடுக்கும்போதெல்லாம் குஞ்சு அடையும் பிய்ந்து வருகிறது, பார்க்கச் சகிக்கவில்லை என்று அவருக்கு ஒரு குறை. கட்டை கட்டையாக எடுக்கலாம், குஞ்சில் கை படாது என்று நான் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் கொடுத்தார்.

அளவுகள்

அளவில் நான் ஏனோதானோவென்று இருக்கவில்லை. ஆழம் எட்டு அங்குலம் வைத்தேன். அதற்கு மேல் போனால் சித்திரை வெயிலில் மெழுகு இளகி அடை அறுந்து விழும். மேல் அகலம் பதினான்கு, அடி அகலம் ஐந்து. பக்கப் பலகை சாய்ந்திருந்தால் தேனீ அடையைப் பலகையோடு ஒட்டுவது குறைவு.

எல்லாவற்றையும்விட முக்கியம் கட்டையின் அகலம். எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு அங்குலம் மூன்று நூல் என்று போட்டிருந்தது. அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். ஆசாரிகள் கணக்கு அது. அந்தப் புத்தகம் சீமைத் தேனீக்கு எழுதியது. நம் தேனீ அதைவிடச் சிறியது. நார்த்தாமலைப் பக்கம் மரப்பொந்துகளில் ஸ்கேலை விட்டு, ஒரு அடையின் நடுவில் இருந்து அடுத்த அடையின் நடுவுக்கு அளந்து பார்த்தேன். எங்கேயும் ஒரு அங்குலம் இரண்டு நூல்தான். அதையே ஆசாரியிடம் எழுதிக் கொடுத்தேன். இருபத்தேழு கட்டை, பெட்டியின் உள்நீளம், கொஞ்சம் இளக்கம் சேர்த்து, முப்பத்துநாலு அங்குலம்.

பெட்டி வந்ததும் ஆழம் பார்த்தேன், சாய்வு பார்த்தேன், கட்டையை எண்ணினேன். இருபத்தேழும் சந்து இல்லாமல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. இனி அளப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

அடை பின்னிக்கொண்ட அன்றைக்குத்தான் மறுபடி ஸ்கேலை எடுத்தேன். பெட்டியின் உள்நீளம் முப்பத்தாறு.

ஆசாரி கணக்கு

சைக்கிளை மிதித்துக்கொண்டு நாகலிங்கம் பட்டறைக்குப் போனேன். நாகலிங்கத்துக்கு என் வயதுதான். பெட்டி செய்தவர் அவர்.

"நாகலிங்கம், முப்பத்துநாலு சொன்னேன். முப்பத்தாறு இருக்கு."

இழைப்புளியை நிறுத்தாமலே, "ஆமா, நாந்தான் கூட்டுனேன்" என்றார்.

"எதுக்கு?"

"என்ன சார், இவ்வளவு படிச்சிருக்கீங்க. மனையடி கணக்குல முப்பத்துநாலு வீட்டை விட்டு ஓட்டுற அளவுல்ல? தேனீக்கு ஒரு வீடு செய்யணும்னு நீங்கதானே வந்து சொன்னீங்க. பெட்டின்னு சொல்லியிருந்தா பெட்டிக் கணக்குல அடிச்சுக் குடுத்திருப்பேன்."

"மனையடி அடிக்குத்தானேப்பா. அங்குலத்துக்குமா?"

"மனுசனுக்கு அடி. இத்தனூண்டு ஈக்கு அங்குலந்தான். முப்பத்தாறு ராஜா கணக்கு. உள்ள ராணி வேற இருக்காமே. கொறைச்சா நல்லாவா இருக்கும்?"

"சரி, கட்டை?"

"ரெண்டங்குலம் மிஞ்சுச்சு. கட்டைய கூடச் செஞ்சா ஏன் செஞ்சேன்னு கேப்பீங்க. அதான் பதினாறு கட்டையில மட்டும் ஆளுக்கு ஒரு நூல் கூட வச்சேன். எப்புடி ஒக்காந்துச்சு பாத்தீங்கள்ல?"

கோபமாகப் போனவன் சிரித்துவிட்டேன். கூட வைத்த ஒரு நூல், புத்தகத்தில் இருந்த அதே சீமை அளவு. நான் விரட்டிவிட்ட அளவு மனையடி வழியாக உள்ளே வந்திருக்கிறது.

"ஒரு நூல்ல என்ன சார் போயிரும்?" என்றார்.

தரையில் கரித்துண்டால் கோடு போட்டுக் காட்டினேன். தேனீ தன் அளவை விடாது. கட்டைக்கு ஒரு நூல் பின்தங்கும். நான்கைந்து கட்டை தாண்டுவதற்குள் அரை அங்குலத்துக்கு மேல் ஆகி, அடை இரண்டு கட்டைக்கு நடுவில் உள்ள சந்துக்கு வந்துவிடும். அங்கிருந்து எல்லாம் கோணல்.

அவர் நம்பவில்லை. தோப்புக்கே கூட்டிப் போனேன். உடைத்த பானையின் ஒரு சில்லில் சிகப்பி அக்கா கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தார். அதன் உள்பக்கம் பழைய அடைகள் ஒட்டியிருந்த மெழுகுத் தடம் வரிவரியாக இருந்தது. நாகலிங்கம் தன் ஸ்கேலை வைத்தார். ஒரு அங்குலம் இரண்டு நூல். அடுத்த வரி, அதே. அதற்கடுத்ததும் அதே.

"யாரு இதுக்கு நூல் புடிச்சது?" என்றார்.

"நல்லாப் பாருங்க ரெண்டு பேரும்" என்றார் அக்கா. "ஆனா, எங்குடும்பம் ஓடுறதுக்குள்ள எதாச்சும் செய்ங்க."

மிஞ்சிய ஒரு அங்குலம்

பெட்டியின் நீளத்தைக் குறைக்க நாகலிங்கம் ஒப்பவில்லை. முப்பத்தாறில் கை வைக்க மாட்டேன் என்று நின்றார். யோசித்தபோது வேறு வழி தெரிந்தது. ஒரு அங்குலம் இரண்டு நூல் அளவில் இருபத்தெட்டு கட்டை போட்டால் முப்பத்தைந்து. மிச்சம் ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலக் கனத்தில் ஒரு தடுப்புப் பலகை செய்து பெட்டிக்குள் நிறுத்தினால் கணக்கு முடிந்தது. அதில் ஒரு லாபமும் இருந்தது. சின்னக் குடும்பத்துக்கு முப்பத்தாறு அங்குலம் கல்யாண மண்டபம் மாதிரி. பலகையை முன்னால் தள்ளி வைத்து அறையைச் சிறிதாக்கலாம். கூட்டம் பெருகப் பெருகப் பின்னால் நகர்த்தலாம். இப்போது அந்தப் பலகை இல்லாமல் நான் பெட்டி போடுவதில்லை.

புதுக் கட்டைகள் வந்த அன்று சாயங்காலம் புகை போட்டுக் கோணல் அடைகளை அறுத்தேன். ஒவ்வொன்றையும் ஒரு கட்டையின் நடுவில் வைத்து வாழைநாரால் கட்ட வேண்டும். என் முடிச்சுகள் நழுவின.

"தள்ளுங்க" என்று அக்கா நாரை வாங்கிக்கொண்டார். பூக்கட்டிப் பழகிய கை. நான் அறுத்துக் கொடுக்கக் கொடுக்க அவர் கட்டிக்கொண்டே வந்தார்.

"நாளைக்கி இதுக இருக்குமா?"

"இருக்கும்" என்றேன். எனக்குத் தெரியாது.

காலையில் பஸ்ஸுக்குக் காத்திராமல் சைக்கிளில் போனேன். பெட்டியின் வாசல் துவாரத்தில் ஒரு தேனீ வந்து இறங்கியது. காலில் மஞ்சளாக மகரந்தம் ஒட்டியிருந்தது. ஓடப்போகிற குடும்பம் மகரந்தம் சேர்ப்பதில்லை. தோப்பு வாசலில் நின்ற அக்காவிடம் அதைச் சொன்னேன். "அப்ப உள்ள வந்து காப்பித்தண்ணி குடிங்க" என்றார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சென்டிமீட்டர் வந்தாலும் இது மாறாது. முதலில் உங்கள் ஊர்த் தேனீயின் அடையை நடுவுக்கு நடு அளந்துகொள்ளுங்கள். அதில் கட்டை செய்யுங்கள். எத்தனை கட்டை என்பது பிறகு. பெட்டியின் நீளம் கடைசி. ஆசாரியிடம் நீளத்தை விட்டுக்கொடுக்கலாம், கட்டையின் அகலத்தை விடாதீர்கள். பெட்டி வந்ததும் கட்டையை எண்ணுவதோடு நிற்காமல் ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள்.

நாரால் கட்டிய அடைகள் கட்டைகளில் பிடித்து, தேனீக்கள் புது அடைகளும் கட்டிய பிறகு சூப்பர்வைசரை அழைத்துவந்து பெட்டியைத் திறந்தேன். ஒரு கட்டையைத் தூக்கினேன், ஒரு கட்டைதான் வந்தது. அடுத்ததும் அப்படியே. அவர் தலையாட்டி, இன்னும் எத்தனை வேண்டும் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அக்கா பக்கத்தில் வந்து அடுத்த கட்டையைத் தானே தூக்கினார். அடையில் மற்றவற்றைவிட நீளமாக ஒன்று மெதுவாக நடந்துபோனது. சுற்றி நின்றவை அதற்கு வழிவிட்டன.

"இதுதான் ராணிக்கா" என்றேன்.

கட்டையைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பார்த்தார்.

"இத்தன வருசமா இவ வீட்டுலதான் தேன் எடுத்திருக்கேன்" என்றார். "இன்னக்கித்தான் மொகத்தப் பாக்குறேன்."