தவிட்டுக்கு வாங்கிய பெயர்

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்த ஒன்பதாம் நாள், பிரிக்பீல்ட்ஸில் பத்திரங்களுக்குச் சான்று முத்திரையிடும் ஒரு சத்தியப் பிரமாண ஆணையரின் அலுவலக மாடிப்படியில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். இந்த நாட்டில் அடையாள அட்டை எடுக்கும் வயது. அட்டை எடுப்பதற்குள் பெயரை மாற்றிவிட வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். நான் கையெழுத்துப் போட வேண்டும். ஆணையர் சாப்பிடப் போயிருந்தார்.

அவள் பெயர் தவிட்டம்மா. பள்ளியில் ஒருத்தி, “ஏய் தவிடு, கோழி வருது, ஓடு!” என்பாளாம். வகுப்பே சிரிக்குமாம்.

“உங்க இஷ்டம். எனக்குக் கை வராது” என்று காலையில் என் மனைவி சொல்லிவிட்டாள். எனக்கும் வரவில்லை. ஏன் என்று மகளிடம் அன்றுதான், அந்தப் படியில் வைத்துச் சொன்னேன்.

இவளுக்கு முன் எங்களுக்கு இரண்டு பெண்கள். முதலாமவள் பதினோரு நாள் இருந்தாள். அடுத்தவள் ஐந்து நாள். இருவருக்கும் பிறக்கும் முன்பே அகராதி புரட்டி அழகான பெயர் எழுதி வைத்திருந்தேன். மூன்றாவது முறை பெயரை நினைக்கவே பயமாக இருந்தது.

பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையை வேறு வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். தவிட்டு விலைக்கு வந்த பிள்ளையைச் சாவு திரும்பிப் பார்க்காது என்று நம்பிக்கை. பெயரும் அதையே சொல்ல வேண்டும். குப்பம்மா, பிச்சையம்மா என்ற பெயர்களும் இதே பயத்தில் வந்தவைதான். இதையெல்லாம் நான் பழைய புத்தகங்களில் ஒரு விவரமாகப் படித்தவன். நாமும் அப்படிச் செய்யலாமா என்று என் மனைவி கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன்.

இவள் பிறந்த பதினாறாம் நாள், கிள்ளானில் எங்கள் எதிர்வீட்டு முஸ்லிம் ஆன்டி குழந்தையை வாங்கிக்கொண்டார்.

“இனிமே இது என் பொண்ணு. தவிட்டக் கொண்டாந்தாத்தான் தருவேன், தெரியும்ல?”

நான் கொண்டுவந்திருந்த பையைப் பிரித்த மனைவி வெளிறிப்போனாள். “இது சோளக் குருணைங்க. தவிட்டப் பாத்ததே இல்லையா நீங்க?”

பார்த்ததில்லை. படித்திருந்தேன், அவ்வளவுதான்.

“புத்தகத்துல தவிடு கொட்டிக் கெடக்கும், போய்ப் பாருங்க லா” என்றார் ஆன்டி.

மறுபடியும் தீவனக் கடைக்குக் காரை ஓட்டினேன். போக வர நாற்பது நிமிடம். அந்த நேரம் முழுவதும் அவள் எங்கள் பிள்ளை இல்லை. போகும்போது அதுதான் பயமாக இருந்தது. தவிட்டுப் பையோடு திரும்பும்போது வேறொரு பயம் வந்தது. எங்களுடையவளாக இல்லாதவரைக்கும் அவளுக்கு ஒன்றும் ஆகாது. வாங்கிவிட்டால்? சாலை காலியாக இருந்தும் மெதுவாகவே ஓட்டினேன். இதை மனைவியிடம் இன்றுவரை சொன்னதில்லை.

மகள் எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

“அப்ப நான் ஆன்டி வீட்டுப் பொண்ணா? பிரியாணிக்குப் பங்கு கேக்கலாம் போல.”

“வெளையாடாத.”

“அப்பா, பயந்த நாளெல்லாம் முடிஞ்சு போச்சு. நான் நல்லாத்தான இருக்கேன்?”

இருக்கிறாள். அந்தப் பெயரால்தான் என்று நான் நம்பவில்லை. இல்லை என்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

ஆணையர் வந்தார். உள்ளே போனோம். “பேர் மாத்த என்ன காரணம்?” என்று கேட்டார்.

“ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்க அங்கிள்.”

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். அவள் தேர்ந்தெடுத்த புதுப்பெயர் அதில் அச்சாகியிருந்தது. அதன் பொருளை நான் தேடிப் பார்க்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினேன்.

“நிதானமா போடுங்க சார், அவசரமில்ல.”

போட்டேன்.

அவள் எனக்கு முன்னால் படியிறங்கி ஓடினாள். கீழே சாலையில் வண்டிகள் விரைந்துகொண்டிருந்தன. நில் என்று கத்த வாய் திறந்தேன். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது? இரண்டிரண்டு படியாகத் தாவி, நடைபாதை முடியும் இடத்தில் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

“வலிக்குதுப்பா” என்றாள்.

பிடியைத் தளர்த்த முடியவில்லை.