ஓட்டுப் பாலத்தில் ஐந்தாவது ஆள்

எண்பத்தாறாம் ஆண்டில், பாரிஸின் லா சப்பலில் தோண்டிக் கிடந்த தெருவுக்குக் குறுக்கே பலகை போட்டு, மேலே தகரக்கூரையும் வைத்திருந்தார்கள். முன்னால் போன மகனின் காலடியில் பலகை முனகியது, பின்வாங்கி நின்றுவிட்டேன்.

இலங்கையில் அப்பா வேலைபார்த்த பதுளைப் பக்கத்தில் ராசா காலத்து மரப்பாலம் ஒன்று இருந்தது. ஓட்டுக்கூரை, ஆணியே இல்லை, எல்லாம் மரமுளை. வெள்ளமென்றால் நான்கு பேருக்கு மேல் ஏறக்கூடாது. நான் சிறுவனாயிருந்தபோது ஒரு வெள்ளநாளில், பிள்ளைவலி கண்ட அம்மா, மருத்துவிச்சி, அப்பா, நான் ஏறினோம்.

“வயித்துக்குள்ளையும் ஒராள், அப்பா. ஐஞ்சு பேர்” என்றேன்.

“ஓமடா, பெரிய கணக்கப்பிள்ளை!” அப்பா இறங்கிக்கொண்டார்.

நாங்கள் கரையேறியதும் பாலம் முறிந்தது. பின்னால் அப்பா ஏறியிருந்தாரா? மழையில் எதிர்க்கரை தெரியவில்லை. தங்கச்சி பிறந்தாள், அப்பா வரட்டுமென்று அம்மா பெயர் வைக்கவில்லை. அப்பா சுற்றுவழியால் வந்துசேர ஒன்பது நாளாயிற்று.

“வாங்கோவன் அப்பா!” பலகையின் நடுவில் நின்று மகன் கூப்பிட்டான்.

“நீ முதல் அங்காலைப் பக்கம் இறங்கு. பிறகு வாறன்.”