மேம்பாலத்தில் நின்ற பதினேழாம் நம்பர்

இருபத்திரண்டு வருடங்களாகப் பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டிய அவருக்கு டிப்போவில் ‘ஹார்ன்’ என்று பட்டப்பெயர். வண்டியின் ஹார்னை அவர் அதிகம் தொட்டதில்லை, வாய்தான் ஹார்ன். “கட்டம் போட்ட சட்டை, கொஞ்சம் உள்ள போப்பா! படிக்கட்டுல என்ன குடித்தனமா நடத்துற?” என்று அவர் குரல் கொடுத்தால் கடைசி சீட்டில் தூங்குகிறவரும் எழுந்து உட்காருவார்.

அவருக்கு அந்தப் பெருநகரம் நிறுத்தம் நிறுத்தமாகத் தெரியும். மார்க்கெட்டில் கூடைகளோடு ஏறுகிறவர்கள் ஊர்க்கதை பேசுவார்கள். கோர்ட்டில் ஏறுகிறவர்கள் வாயே திறக்கமாட்டார்கள். கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில் கழுத்தில் அட்டையோடு ஏறும் பிள்ளைகள் உட்கார்ந்த கையோடு தூங்கிவிடுவார்கள். எல்லோரும் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். ஊருக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேம்பாலத்தின் நடுவில், அவருடைய நெஞ்சு தடதடவென்று அடித்தது. உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. மூச்சு பாதியில் நின்றது. வண்டியை ஓரம் கட்டி பிரேக்கைப் போட்டார்.

கண்டக்டர் பெண் ஓடிவந்தாள். “என்னண்ணே, டயரா?”

“டயர் இல்லம்மா. நான்தான்.”

அவள் பயணிகளைப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். “உங்க இதயம் என்னோடதைவிட நல்லா இருக்கு,” என்றார் டாக்டரம்மா. “ஆனா அடுத்த வாரம் புதன்கிழமை ஒன்பதாம் நம்பர் ரூமுக்குப் போய்ப் பாருங்க.”

ஒன்பதாம் நம்பர் என்றால் மனநல மருத்துவர் அறை.

“எனக்கா? நான் நல்லாத்தானே பேசிக்கிட்டிருக்கேன்!”

“நல்லா பேசுறவங்களும் அங்க போறாங்க,” என்று சிரித்தார் டாக்டரம்மா.

மனைவியிடம் ‘பிரஷர்’ என்று சொல்லிச் சமாளித்தார். புதன்கிழமை, தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒன்பதாம் நம்பர் வாசலுக்குப் போனால், பெஞ்சில் டிப்போவின் டைம்கீப்பர் உட்கார்ந்திருந்தார். இரண்டு நிமிடம் தாமதமானாலும் டிரைவர்களை வறுத்தெடுக்கிற மனிதர். இருவருக்கும் முகம் வெளுத்தது.

“என் மச்சானுக்காக வந்தேன்,” என்றார் டைம்கீப்பர்.

“நான் என் தம்பிக்காக, சார்.”

“டோக்கன் பதினொன்னு!” என்று உள்ளிருந்து நர்ஸ் கூப்பிட்டார். டைம்கீப்பர் எழுந்தார்.

“மச்சான் இன்னும் வரலையே சார்?”

டைம்கீப்பர் ஒரு கணம் முறைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆறு மாசமா வர்றேன்யா. கண்ணை மூடினா தூக்கம் வராது. இப்ப பரவாயில்ல. யார்கிட்டயும் சொல்லிடாத.”

“என் தம்பி மேல சத்தியமா சொல்லமாட்டேன் சார்.”

“உனக்குத்தான் தம்பியே கிடையாதேய்யா!”

வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருவரும் சிரித்தார்கள். அப்போதுதான் அவர் பெஞ்சிலிருந்த மற்றவர்களைக் கவனித்தார். மார்க்கெட் கூடைக்காரம்மா இருந்தார். கழுத்தில் அட்டை போட்ட பெண் இருந்தாள். கோர்ட் நிறுத்தத்து வக்கீல் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். பாதி பஸ் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் முறை வந்து உள்ளே போனதும், டாக்டர் பொறுமையாகக் கேட்டார். போன வருடம் அம்மா இறந்த மூன்றாம் நாளே அவர் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

“அழுதீங்களா?”

“எங்க டாக்டர் நேரம்? ரெண்டு ஷிஃப்ட்டு.”

சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டார். கால் மணி நேரம் அழுதார். வெளியே அடுத்த டோக்கன்காரர் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார்.

அன்று மாலை மனைவியிடம் உண்மையைச் சொன்னார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “இதைச் சொல்ல ஒரு வாரமா? அடுத்த தடவை நானும் வர்றேங்க. டாக்டர்கிட்ட நீங்க பாதிதான் சொல்லுவீங்க. மீதியை நான் சொல்றேன்.”

சொன்னபடியே போய், மீதியை மட்டுமல்ல, அவருடைய குறட்டையையும் சேர்த்துச் சொன்னார்.

மாத்திரையும் மூச்சுப் பயிற்சியும் தொடங்கின. டைம்கீப்பர் அவருக்கு இரண்டு மாதம் டிப்போவுக்குள்ளேயே வேலை போட்டுக்கொடுத்தார். டாக்டர் சொன்னபடி முதலில் மனைவியோடு மேம்பாலத்தை நடந்தே கடந்தார். பிறகு பயணியாக ஜன்னலோரம் உட்கார்ந்து கடந்தார். கடைசியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலி பஸ்ஸை அவரே ஓட்டினார். கண்டக்டர் பெண் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“அண்ணே, ஏதாவது பேசுங்க. நீங்க சும்மா இருந்தா எனக்கு நெஞ்சு அடிக்குது.”

நடுப்பாலத்தில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். மூச்சை மெல்ல விட்டார். வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. பாலம் இறங்கியதும் அவள் பலமாகக் கைதட்டினாள்.

மூன்றாம் மாதம் பதினேழாம் நம்பருக்கே திரும்பினார். ஓய்வறையில் யாரோ “ரெண்டு மாசமா வண்டியே எடுக்கலையே, ஏன்யா?” என்று கேட்டபோது, எல்லோருக்கும் கேட்கும்படி ஒன்பதாம் நம்பர் ரூம் கதையைச் சொன்னார். மூலையிலிருந்த டைம்கீப்பர் தொண்டையைக் கனைத்து, “நானும்தான்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஒன்பதாம் நம்பர் டாக்டரை டிப்போவுக்கே பேச அழைத்தார்கள். பத்துப் பேர் வந்தால் பெரிது என்று பத்து நாற்காலிதான் போட்டிருந்தார்கள். வந்தது முப்பத்துநான்கு பேர். மெக்கானிக்குகள் டயர்களை உருட்டிக்கொண்டு வந்து அவற்றின்மேல் உட்கார்ந்தார்கள்.